கடலூர் துறைமுகத்து மனிதர்களின் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்வது எப்படி? முழுமையான வழிகாட்டி

கடலூர் முதுநகரில் இன்று எழுபதைக் கடந்திருக்கும் முதியவர்களின் உழைப்புக் காலத்தில், பெரிய கப்பல் எதுவும் கரையைத் தொட்டதில்லை. கெடிலமும் பரவனாறும் கடலில் கலக்கும் முகத்துவாரம் மணலால் மேடிட்டுக்கொண்டே இருக்கும் என்பதால், கப்பல்கள் ஏறக்குறைய ஒரு மைல் தள்ளி நங்கூரம் போட்டு நின்றன. சரக்கு தோணியில் போயிற்று, தோணியில் வந்தது. புதுச்சேரியிலும் நிலைமை இதுவே. அங்கே கடலுக்குள் நீண்ட பாலம் ஒன்று இருந்தது என்பதைத் தவிர, கப்பலுக்கும் கரைக்கும் நடுவே அலையைக் கடக்கும் வேலை மனிதர்களின் தோளில்தான் இருந்தது. ஆகவே இவ்விரு ஊர்களிலும் துறைமுகத்தின் வரலாறு என்பது பெரும்பாலும் அந்த ஒரு மைல் தண்ணீரின் வரலாறு. கப்பல் வந்த நாளும் ஏற்றிய சரக்கின் எடையும் பேரேட்டில் ஏறின. அந்த ஒரு மைலைக் கடந்த விதம் மட்டும் எந்தப் பேரேட்டிலும் ஏறவில்லை.

அதைக் கடந்தவர்களிடம் கேட்டு முறையாகப் பதிவு செய்ய விரும்புவோருக்காக இதை எழுதுகிறேன். கல்லூரி மாணவராகவோ, உள்ளூர் ஆசிரியராகவோ, தன் தாத்தாவின் பேச்சை இழந்துவிடக் கூடாது என்று நினைக்கும் பேரனாகவோ நீங்கள் இருக்கலாம். பெரிய பணமோ பயிற்சிப் பட்டமோ இதற்கு வேண்டியதில்லை. பொறுமையும் ஒழுங்கும் கட்டாயம் வேண்டும்.

எல்லையை வகுத்தல்

முதலில் யாரைப் பதிவு செய்யப்போகிறோம் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். துறைமுகம் என்றவுடன் மூட்டை தூக்கியவர்களும் தோணி ஓட்டியவர்களும் நினைவுக்கு வருவார்கள். அவர்களோடு நின்றுவிட்டால் படம் பாதிதான். சரக்கை எண்ணிக் குறித்த கணக்குப்பிள்ளைகள், சுங்க அலுவலகத்தில் கடைநிலையில் இருந்தவர்கள், வேர்க்கடலைக் கிட்டங்கிகளில் தோல் நீக்கிப் புடைத்த பெண்கள், தோணிக்குப் பலகை அடித்த தச்சர்கள், கடலூர் துறைமுகச் சந்திப்பு ரயில் நிலையத்தில் மீட்டர் பாதை வண்டிகளில் சரக்கு ஏற்றியவர்கள், துறைமுக வாசலில் இட்லி விற்றவர்கள், கடலோடிகளின் வீட்டில் அடுப்பெரியக் காத்திருந்தவர்கள் ஆகிய எல்லாருக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு. புதுச்சேரியை எடுத்துக்கொண்டால், பிரெஞ்சுப் படையில் பணியாற்றித் திரும்பி ஓய்வூதியம் வாங்கிய, ஊரார் ‘சொல்தா’ என்று அழைக்கும் குடும்பத்தினரும், வியட்நாமின் சைகோனுக்குப் போய் வந்த வீடுகளும் சேர்ந்துகொள்ளும்.

இத்தனை பேரையும் ஒரே ஆண்டில் முடிக்க எண்ணாதீர்கள். எட்டுப் பேர் போதும். எட்டுப் பேரிடம் தலா இரண்டு அமர்வுகள் பேசி, அவற்றை ஒழுங்காக எழுத்தாக்கி வைத்தவரின் வேலை, அறுபது பேரிடம் பத்து நிமிடம் பேசி அப்படியே கைப்பேசியில் போட்டு வைத்தவரின் வேலையைவிட நிலைக்கும். அந்த எட்டுப் பேரில் மூவராவது பெண்களாக இருக்கட்டும். வயதில் மூத்தவரிடம் முதலில் போக வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை; ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் நான் ஒருமுறை ‘அடுத்த மாதம் வருகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போய், அடுத்த மாதம் போனபோது பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

போவதற்கு முன் படிக்க வேண்டியவை

ஊரின் பின்னணி தெரியாமல் போனால், எதிரில் இருப்பவர் பேசுவதில் எது அரியது என்பது நமக்குப் புரியாது. 1690ஆம் ஆண்டு ஆங்கிலேயர் மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கியதும், பீரங்கிக் குண்டு போய் விழும் தொலைவுவரை உள்ள ஊர்கள் கோட்டைக்குச் சேரும் என்ற உடன்பாட்டால் சுற்றுப்புறம் ‘குண்டு கிராமங்கள்’ ஆனதும், 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கையில் விழுந்தபோது அந்தக் கோட்டையே சில ஆண்டுகள் சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயரின் தலைமையிடமாக இருந்ததும், 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை அதைப் பிடித்ததும் நூல்களில் எளிதாகக் கிடைக்கும். புதுச்சேரிக்கு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இருக்கிறது. 1736 முதல் 1761 வரை எழுதப்பட்ட அந்தக் குறிப்பில் கப்பல் வரவும் போக்கும் வணிகர் நெஞ்சின் படபடப்போடு பதிவாகியுள்ளன. ஆனால் துபாஷியின், அதாவது ஐரோப்பியருக்கும் ஊராருக்கும் நடுவே மொழிபெயர்த்து வணிகம் பேசியவரின், மேசையிலிருந்து பார்த்த கடல் அது. துடுப்பின் பிடியிலிருந்து பார்த்த கடல் வேறு. அந்த வேறுபாட்டை உணர்வதற்காகவே அதைப் படியுங்கள்.

அண்மைக் காலத்துக்கு அரசு ஆவணங்களை நாடலாம். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேடுவோர், 1993க்கு முந்தைய கோப்புகள் ‘தென்னாற்காடு’ என்ற தலைப்பில் இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. கடலூர் என்ற பெயரில் மாவட்டம் அந்த ஆண்டில்தான் பிறந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சிக்காலப் பிறப்பு, திருமணப் பதிவேடுகள் வயதைச் சரிபார்க்க உதவும். இந்தப் படிப்புக்கு இரண்டு வாரம் போதும். அதற்கு மேல் படித்தால், கேட்பதற்குப் பதிலாகச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிவிடுவோம்.

ஆட்களைக் கண்டடைதல்

சோனங்குப்பம், சிங்காரத்தோப்பு, அக்கரைகோரி, தேவனாம்பட்டினம், தாழங்குடா போன்ற மீனவ ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் சொல்லாமல் ஒலிப்பதிவுக் கருவியோடு தெருவில் நடப்பது முறையன்று. இந்த ஊர்களில் பஞ்சாயத்தின் சொல்லுக்கு இன்றும் எடை உண்டு. சுனாமிக்குப் பிறகு கேமராவும் கணக்கெடுப்புத் தாளும் தூக்கிக்கொண்டு வந்து போனவர்களைப் பார்த்துச் சலித்த ஊர்கள் இவை என்பதால், ‘எதுக்கு, யாருக்கு, இதனால எங்களுக்கு என்ன?’ என்ற மூன்று கேள்விகளுக்கும் நேர்மையான விடையோடு போக வேண்டும். நிவாரணமோ வீடோ கிடைக்க இது உதவாது என்பதை முதல் நாளே வாய்திறந்து சொல்லிவிடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலம் விசைப்படகுக்காரர்களைச் சந்திக்கப் பொருத்தமான காலம். படகைப் பழுது பார்த்துக்கொண்டும் வலை பின்னிக்கொண்டும் கரையில் இருப்பார்கள். கை வேலை செய்யும்போது வாய் தானாகத் திறக்கும். மீன் விற்கும் பெண்களைக் காலையில் தொந்தரவு செய்யாதீர்கள். சந்தை முடிந்து, வீட்டு வேலையும் ஓய்ந்த பிற்பகல் 3 மணிக்குப் போங்கள். ஓய்வுபெற்ற துறைமுகத் தொழிலாளர்களைத் தேடுவதற்கு முதுநகரின் தேநீர்க் கடைப் பலகையைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. அங்கே ஒருவரிடம் கேட்டால் அவர் மூவரைச் சொல்வார். ஆனால் அந்தப் பலகையிலேயே பதிவைத் தொடங்கிவிடாதீர்கள். நால்வர் கூடினால் ஒருவர் பேசுவார், மற்ற மூவர் தலையாட்டுவார்கள். அந்த மூவரில் ஒருவருக்குத்தான் உண்மையில் வேலை தெரிந்திருக்கும்.

முதல் சந்திப்பும் ஒப்புதலும்

முதல் நாள் கருவியை வெளியே எடுக்கக் கூடாது. வீட்டுக்குப் போய், பெரியவரை ‘அய்யா’ என்றும் மூதாட்டியை ‘ஆயா’ என்றும் இந்தப் பக்கத்து வழக்கப்படி அழைத்து, கொடுக்கும் தண்ணீரைக் குடித்து, அரை மணி நேரம் பேசிவிட்டு வந்தால் போதும். இந்தச் சந்திப்பில் மூன்றைக் கவனியுங்கள்: அவருக்குக் காது எந்த அளவுக்குக் கேட்கிறது, எந்த நேரத்தில் உற்சாகமாக இருக்கிறார், வீட்டில் யார் இருக்கும்போது பேச்சைக் குறைத்துக்கொள்கிறார். மூன்றாவதுதான் முக்கியம். மகன் பக்கத்தில் இருந்தால் கடன் பற்றிப் பேசாத தந்தையும், கணவர் இருந்தால் கூலி பற்றிப் பேசாத மனைவியும் உண்டு.

ஒப்புதல் படிவம் ஒரே பக்கமாக, எளிய தமிழில் இருக்கட்டும். பதிவை யார் வைத்திருப்பார்கள், யார் கேட்கலாம், இணையத்தில் போடலாமா, பெயரைச் சொல்லலாமா அல்லது மறைக்க வேண்டுமா, பிற்பாடு மனம் மாறினால் என்ன செய்யலாம் என்ற ஐந்து செய்திகளுக்கும் தனித்தனியாக ‘ஆம்’, ‘இல்லை’ என்று குறிக்க இடம் விடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு முழுவதையும் வாய்விட்டுப் படித்துக்காட்டி, அவர் சம்மதத்தை ஒலியாகவே பதிவு செய்யலாம். கைநாட்டை நான் தவிர்த்துவிடுகிறேன். கந்துவட்டிப் பத்திரத்திலும் நிலப் பத்திரத்திலும் கைநாட்டு வைத்து இழந்த அனுபவம் இந்தத் தலைமுறைக்கு நிறைய உண்டு. மை டப்பாவைக் கண்டாலே முகம் மாறுகிறது.

பணம் கொடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். பேச்சுக்கு விலை வைத்தால் பேச்சு வளைந்துவிடும் என்பது என் கருத்து. பழமும் வெற்றிலை பாக்கும் வாங்கிப் போவது நம் வழக்கம், அதில் தவறில்லை. ஆனால் அன்றாடம் கூலிக்குப் போகும் ஒருவரை அரை நாள் உட்காரவைத்தால், அந்த அரை நாள் கூலியை ஈடு செய்வது நம் கடமை. அதைப் பேச்சுக்குரிய விலையாக நினைக்க வேண்டியதில்லை.

கருவியும் இடமும்

நல்ல கைப்பேசியும் சட்டையில் மாட்டும் சிறிய ஒலிவாங்கியும் இருந்தால் தொடங்கிவிடலாம். கைப்பேசியை விமானப் பயன்முறையில் வையுங்கள். இல்லாவிட்டால் முக்கியமான இடத்தில் கடன் அட்டை விற்பவர் கூப்பிடுவார். ஒலியை எம்.பி.3 வடிவில் சுருக்காமல் வேவ் கோப்பாகப் பதிவு செய்வது நல்லது. விநாடிக்கு 48,000 மாதிரி, 24 பிட் என்ற அளவில் ஒற்றைத் தட ஒலி ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 520 மெகாபைட் ஆகும் என்பதால், 32 ஜி.பி. நினைவக அட்டை எட்டுப் பேருக்கும் தாராளமாகப் போதும்.

இப்பகுதியில் முதியவர்கள் வீட்டில் பெரும்பாலும் சட்டை அணிவதில்லை. நான் முதன்முதலாகப் பதிவு செய்த தோணிக்காரர் தோளில் துண்டு மட்டும் போட்டிருந்தார். ஒலிவாங்கியை அந்தத் துண்டின் ஓரத்தில் மாட்டினேன். மே மாத வெயில். அவர் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அதே துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ஒன்றே கால் மணி நேரப் பதிவில் பாதிக்கு மேல் துணி உரசும் சத்தம்தான் மிஞ்சியது. அவர் தன் தந்தை முகத்துவாரத்தில் தோணி கவிழ்ந்து இறந்ததைச் சொன்ன இடமும் அதில் அடக்கம். அதை மறுபடி சொல்லச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அன்றிலிருந்து ஒலிவாங்கியை ஒரு சிறிய முக்காலியில் வைத்து, பேசுபவர் வாய்க்கு ஒரு முழத் தொலைவில் நிறுத்துகிறேன்.

மின்விசிறியை நிறுத்துவது உத்தமம். கோடையில் அது முடியாது என்றால், விசிறிக் காற்று ஒலிவாங்கியின் மேல் நேராகப் படாமல் அதன் முதுகுப்பக்கம் போகுமாறு அமருங்கள். கடற்கரையில் பேசுவதாக இருந்தால், கரையேற்றி வைத்த படகின் காற்று மறைவில் உட்கார வேண்டும்; பஞ்சு உறை இல்லாவிட்டால் ஒரு பழைய காலுறையை மாட்டினாலும் காற்றின் இரைச்சல் குறையும். தொடங்கும் முன் ஒரு நிமிடம் சோதனையாகப் பதிந்து, காதொலிப்பான் மாட்டிக் கேட்டுவிடுங்கள். பிறகு தேதி, இடம், உடனிருப்போர் ஆகியவற்றை உங்கள் குரலிலேயே சொல்லித் தொடங்குங்கள். பத்தாண்டு கழித்துக் கோப்பின் பெயர் மாறிப்போனாலும் அந்தக் குரல் அடையாளம் காட்டும்.

கேள்வி கேட்கும் முறை

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

‘உங்கள் காலத்தில் துறைமுகம் எப்படி இருந்தது?’ என்று கேட்டால், ‘நல்லா இருந்துச்சி தம்பி, இப்ப ஒண்ணும் இல்ல’ என்ற விடைதான் வரும். அதோடு பேச்சு முடிந்துவிடும். கருத்தைக் கேட்டால் கருத்து வரும். அது எல்லாரிடமும் ஒன்றாகவே இருக்கும். வேலையைக் கேளுங்கள். வேலை ஒவ்வொருவரிடமும் வேறாக இருக்கும்.

‘முதல் நாள் உங்களைத் துறைமுகத்துக்கு யார் கூட்டிக்கொண்டு போனார்கள்? கையில் என்ன எடுத்துக்கொண்டு போனீர்கள்? கப்பல் வந்திருக்கிறது என்பது வீட்டில் இருந்த உங்களுக்கு எப்படித் தெரியும்? தோணியில் எத்தனை பேர், யார் எங்கே உட்காருவீர்கள்? சாப்பாடு எங்கே, தண்ணீர் எங்கே? கூலி யார் கையிலிருந்து வந்தது, எண்ணிக் கொடுத்தார்களா, மொத்தமாகக் கொடுத்து உங்களுக்குள் பிரித்துக்கொண்டீர்களா? ஏற்றியது வேர்க்கடலையா, இரும்புத் தாதுவா, இறக்கியது உர மூட்டையா? எந்தச் சரக்கு தோலை அரிக்கும், எந்தச் சரக்கு மூச்சை அடைக்கும்?’ இப்படிக் கைக்கும் காலுக்கும் மூக்குக்கும் உரிய கேள்விகளாகக் கேட்டால், துறைமுகம் தானாகக் கட்டி எழும்பும்.

ஓர் எடுத்துக்காட்டைச் சொல்கிறேன். முதுநகரில் ஒரு பெரியவரிடம், தோணியிலிருந்து கப்பலுக்கு எப்படி ஏறுவீர்கள் என்று கேட்டேன். ‘ஏணி தொங்கும், புடிச்சி ஏறுவோம்’ என்றார். அங்கேயே அடுத்த கேள்விக்குப் போயிருந்தால் எனக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. ‘அலை இருந்தால்?’ என்றேன். அவர் பேசவில்லை; இரண்டு உள்ளங்கைகளையும் எடுத்து எதிரெதிரே நிறுத்தினார். இடக்கை கப்பல், அசையவில்லை. வலக்கை தோணி, மேலும் கீழும் போய்வந்தது. ‘தோணி மேல வர்றப்ப புடிக்கக் கூடாது’ என்றார். ‘மேல வந்து, ஒரு நொடி நிக்கும் பாரு, அப்பப் புடிக்கணும். கீழ எறங்குறப்பப் புடிச்சா தோணி உன்ன உட்டுட்டுப் போயிடும், நீ தொங்குவ. மேல ஏர்றப்பப் புடிச்சா ஏணிக்கும் தோணிக்கும் நடுவுல காலு நசுங்கிடும்.’ வலக்கை மேலே போய் ஒரு கணம் நின்றது. அந்தக் கணத்தில் இடக்கைச் சுண்டுவிரலை வலக்கைக் கட்டைவிரல் பற்றியது. பிறகு, கேட்காமலே வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கி, அந்தக் கணத்தைத் தவறவிட்ட ஒரு நாளின் தழும்பைக் காட்டினார்.

இதிலிருந்து இரண்டு பாடங்கள். ஒன்று, முதல் விடைக்குப் பிறகு ஒரு கேள்வி மிச்சம் வையுங்கள். அது ‘அலை இருந்தால்?’, ‘மழை வந்தால்?’, ‘அவர் வராவிட்டால்?’ என்று தடையைப் பற்றியதாக இருக்கட்டும். இரண்டு, கை காட்டும் செய்தி ஒலிப்பதிவில் விழாது. ஆகவே அவர் அசைவை உடனே உங்கள் சொல்லால் பதிவில் ஏற்றுங்கள்: ‘அய்யா, வலக்கையைத் தோணியாகவும் இடக்கையைக் கப்பலாகவும் காட்டுகிறீர்கள், சரிதானே?’ ஒப்புதல் இருந்தால் அந்த இடத்தில் காணொளியும் எடுக்கலாம். ஆனால் முழுப் பேச்சையும் காணொளியாக்க முயன்றால் பலரும் விறைத்துக்கொள்கிறார்கள்.

பொருள்களை நடுவில் வையுங்கள். மூட்டை இழுக்கும் கொக்கி, பழைய அடையாள அட்டை, சங்க உறுப்பினர் சீட்டு, ஒரு கைப்பிடி வேர்க்கடலை என எதுவாக இருந்தாலும் அது கேள்வியைவிட விரைவாக நினைவைத் திறக்கும். நடக்க முடிந்தவரை துறைமுகத்தை ஒட்டிய உப்பனாற்றுக் கரையோடு அழைத்துக்கொண்டு போங்கள். ‘இங்கதான் தராசு இருந்திச்சி’ என்று புதர் மண்டிய இடத்தில் நின்று அவர் சொல்வதைத் தேதி, நேரத்தோடு ஒரு கைவரைபடத்தில் குறித்துக்கொள்ளலாம்.

காற்றின் பெயர்களையும் கடல்வேலைச் சொற்களையும் தனியாகக் கேளுங்கள். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்ற பெயர்களை நாம் அகராதியில் படித்திருப்போம்; எந்தக் காற்றில் தோணி ஓடும், எதில் முகத்துவாரம் அடைபடும் என்பதை அவர்கள் வாயிலிருந்துதான் அறிய முடியும். சரங்கு, சுக்கானி, தண்டல், கலாசி என்று படிநிலைப் பெயர்கள் வந்தால், அவர் எதைச் சொன்னார் என்பதையும் அந்தப் பதவிக்காரர் என்ன செய்தார் என்பதையும் அவர் சொல்லாலேயே விளக்கச் செய்யுங்கள். ஒரே சொல் கடலூரில் ஒன்றையும் புதுச்சேரியில் வேறொன்றையும் குறிப்பது உண்டு.

அமைதியைக் கண்டு பதறாதீர்கள். அவர் பேச்சை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தால் மனத்துக்குள் பத்துவரை எண்ணுங்கள். பெரும்பாலும் எட்டாவது எண்ணில் அடுத்த சொல் வரும்.

ஆண்டுகளைக் கண்டுபிடித்தல்

‘எந்த ஆண்டு?’ என்ற கேள்விக்குச் சரியான விடையை எதிர்பார்ப்பது வீண். ‘அந்தப் புயலுக்கு முன்பா பின்பா? மூத்த மகள் பிறந்திருந்தாளா? அண்ணா இறந்தபோது இந்த வேலையில் இருந்தீர்களா? எம்.ஜி.ஆர். இறந்தபோது?’ என்று கேட்டால், 1969 பிப்ரவரிக்கும் 1987 டிசம்பருக்கும் இடையில் ஒரு நிகழ்ச்சியை நிறுத்திவிடலாம். மாசி மகத்துக்கு முன்பா பின்பா என்று கேட்டால் மாதமும் கிடைக்கும். தேவனாம்பட்டினத்திலும் வைத்திக்குப்பத்திலும் சாமிகள் கடலுக்கு வரும் நாளை யாரும் மறப்பதில்லை. புதுச்சேரியில் 1952ஆம் ஆண்டுப் புயல், பழைய இரும்புப் பாலத்தை அழித்த புயல் என்பதால், எண்பதைக் கடந்தவர்களுக்கு நல்ல மைல்கல். 1954 நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியதும் அப்படியே. இளையவர்களுக்கு 2004 டிசம்பர் 26 சுனாமியும், 2011 டிசம்பர் 30 ‘தானே’ புயலும், 2015 வெள்ளமும் இருக்கின்றன. புதுச்சேரித் துறைமுகப் பாலத்தின் ஒரு பகுதி 2022 மார்ச்சில் கடலில் சரிந்த செய்தியைச் சொல்லிப் பேச்சைத் தொடங்கினால், அந்தப் பாலத்தில் உழைத்தவர்கள் அதன் ஒவ்வொரு தூணையும் நினைவுகூர்வார்கள்.

ஒருவர் சொல்வது ஆவணத்தோடு ஒத்துப்போகாவிட்டால் எதிரில் திருத்தாதீர்கள். பதிவுக் குறிப்பேட்டில் மட்டும் எழுதிவையுங்கள். தவறாக நினைவுகூர்வதற்கும் காரணம் இருக்கும். வேலை போன ஆண்டையும் மனைவி இறந்த ஆண்டையும் ஒன்றாகவே வைத்துப் பேசிய ஒருவரை நான் அறிவேன். இரண்டுக்கும் நடுவே நான்கு ஆண்டுகள் இருந்தன என்பதைப் பிறகு வீட்டுப் பத்திரங்களில் கண்டேன். அந்த நான்கு ஆண்டுகள் அவருக்கு ஏன் மறைந்தன என்பதுதான் அடுத்த அமர்வின் பேச்சாயிற்று.

கேட்கத் தயங்கும் செய்திகள்

சுனாமியைப் பற்றி நீங்களாகத் தொடங்க வேண்டாம். கடலூர்க் கரையில் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் யாரையும் இழக்காத தெரு குறைவு. அவராகச் சொல்லத் தொடங்கினால், இடைமறிக்காமல் கேளுங்கள். நிறுத்த வேண்டுமா என்று ஒருமுறை கேளுங்கள். அன்று வேறு தலைப்புக்குப் போகாதீர்கள். அடுத்த நாள் கருவியில்லாமல் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

யார் எந்த வேலையைச் செய்யலாம், யார் செய்யக் கூடாது என்பதைத் துறைமுகத்தில் சாதி தீர்மானித்த இடங்கள் உண்டு. அதைத் தெருவில் வைத்துக் கேட்கக் கூடாது. தனியறையில், இரண்டாம் அமர்வில், ‘தோணியில் எல்லாரும் ஒரே பானையில் தண்ணீர் குடித்தீர்களா?’ என்பது போன்ற வேலைக் கேள்வியாகவே கேளுங்கள். தொழிற்சங்கப் பூசல், கடத்தல் பேச்சு ஆகியவற்றில் உயிருடன் இருக்கும் மூன்றாம் ஆளின் பெயர் வந்தால் கவனம் வேண்டும். பேசுபவர் ஒப்புதல் கொடுத்திருக்கிறார், பேசப்படுபவர் கொடுக்கவில்லை. அந்தப் பகுதியைப் பொதுப் படியிலிருந்து நீக்கி, மூல ஒலியைப் பூட்டிவைப்பதே முறை.

எழுத்தாக்கமும் சேமிப்பும்

ஒரு மணி நேரப் பேச்சைக் கையால் எழுத்தாக்க ஆறு மணி நேரமாவது ஆகும் என்று கணக்கு வையுங்கள். கணினி தானாக எழுதித் தரும் கருவிகள் இப்போது தமிழுக்கும் வந்துள்ளன. செய்தி வாசிப்புத் தமிழை ஓரளவு பிடிக்கும் அவை, பல் விழுந்த வாயிலிருந்து வரும் முதுநகர்ப் பேச்சில் தடுமாறும். அவற்றை முதல் வரைவுக்கு மட்டும் பயன்படுத்தி, ஒலியோடு வரிவரியாக ஒப்பிட்டுத் திருத்துங்கள்.

பேச்சை நூல்தமிழாக்கக் கூடாது. ‘உட்டுட்டுப் போயிடும்’ என்பதை ‘விட்டுவிட்டுச் சென்றுவிடும்’ என்று மாற்றினால் ஆள் மாறிவிடுகிறார். நான் இரண்டு படிகள் வைத்துக்கொள்கிறேன். ஒன்று, சொன்னபடியே பேச்சு வழக்கில். மற்றொன்று, தேடுவோர் வசதிக்காக ஒவ்வோர் ஐந்து நிமிடத்துக்கும் இரண்டு வரிச் சுருக்கம் நேரக்குறிப்போடு. புரியாத சொல்லை ஊகித்து எழுதாமல் கேள்விக்குறி இட்டு, அடுத்த சந்திப்பில் அவரிடமே கேளுங்கள்.

கோப்புப் பெயரில் ஆளின் பெயரைப் போடாமல் ஊர், தேதி, வரிசை எண் ஆகியவற்றை மட்டும் போடுங்கள். பெயர்ப் பட்டியல் தனித் தாளில் தனியாக இருக்கட்டும். மூன்று படிகள் வேண்டும்: கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, வேறு ஊரில் ஒன்று. ‘தானே’ புயலையும் 2015 வெள்ளத்தையும் பார்த்த மாவட்டத்தில் இருப்போருக்கு மூன்றாவது படி ஏன் வேறு ஊரில் இருக்க வேண்டும் என்று விளக்கத் தேவையில்லை. நீண்ட காலப் பாதுகாப்புக்கு உங்கள் ஊர்க் கல்லூரி நூலகத்தையோ ஆய்வு நூலகம் ஒன்றையோ அணுகலாம். ஒப்படைக்கும் முன் ஒவ்வொரு பதிவின் ஒப்புதல் நிபந்தனையும் எழுத்தில் உடன் போகிறதா என்று பாருங்கள்.

திருப்பிக் கொடுத்தல்

பதிவின் முதல் உரிமை வீட்டாருக்கு. குறுவட்டு கொடுத்தால் போட்டுக் கேட்க அவர்களிடம் கருவி இருக்காது. மகள் அல்லது பேரனின் கைப்பேசியில் சிறிய எம்.பி.3 கோப்பாக ஏற்றிக் கொடுங்கள், எழுத்துப்படியைப் பெரிய எழுத்தில் அச்சிட்டுத் தாருங்கள். முதல் பத்து நிமிடத்தையாவது அவர்களோடு உட்கார்ந்து கேளுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் மனைவியோ தங்கையோ ‘அது அப்படி இல்ல’ என்று தொடங்குவார். அதற்குத் தயாராகக் கருவியைக் கையில் வைத்திருங்கள், ஆனால் அவரிடமும் தனியாக ஒப்புதல் வாங்கிய பிறகே இயக்குங்கள்.

கேட்டு முடித்ததும் ஒப்புதல் படிவத்தை மறுபடி படித்துக்காட்டி, முன்பு சொன்ன ‘ஆம்’, ‘இல்லை’களில் மாற்றம் உண்டா என்று கேளுங்கள். தன் குரலைத் தானே கேட்ட பிறகு மனம் மாறுகிறவர்கள் உண்டு. ஒரு பகுதியை எடுத்துவிடச் சொன்னால், மூன்று படிகளிலிருந்தும் அதை நீக்கிவிட்டு, எத்தனையாவது நிமிடத்திலிருந்து எத்தனையாவது நிமிடம்வரை, எந்தத் தேதியில் நீக்கப்பட்டது என்று குறிப்பேட்டில் எழுதுங்கள். நீக்கிய பகுதியில் என்ன இருந்தது என்பதை எழுத வேண்டாம்.